பீட்டர்ஸ்பர்க் நினைவுச் சின்னங்கள்: இடம் பெயர்த்தால் எது உயிர் விடும்?

#1 வடதிசை

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பேச்செடுத்தாலே வெண்கலக் குதிரைவீரன் என்ற மன்னர் முதலாம் பீட்டரின் சிலை, அலெக்சாண்டர் தூண், குளிர்கால அரண்மனை என்று மூன்று படங்கள் வந்துவிடும். போய் வந்தவர்களும் அதையேதான் போடுகிறார்கள். அந்த நகரத்துச் சிலைகளைப் பற்றி எனக்கு வேறு ஓர் எண்ணம் உண்டு. அதை இங்கே வைக்கிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

ஒரு நினைவுச் சின்னத்தின் முன் நின்றால் நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி. இதைப் பெயர்த்து இன்னொரு சதுக்கத்தில் வைத்தால் ஏதாவது குறையுமா? குறையாது என்றால் அது நல்ல சிற்பமாக இருக்கலாம். நினைவுச் சின்னம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

மூன்றாம் அலெக்சாண்டர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவ்லோ த்ருபெத்ஸ்கோய் செய்தது. 1909-ல் மாஸ்கோ ரயில் நிலையத்துக்கு எதிரே, இன்று எழுச்சிச் சதுக்கம் என்று அழைக்கப்படும் இடத்தில் திறந்தார்கள். சைபீரிய ரயில் பாதையைத் தொடங்கிய மன்னர் என்பதால் ரயில் நிலையத்து வாசல். கனத்த குதிரை, அதைவிடக் கனத்த மனிதர். சதுக்கத்தில் ஓர் அலமாரி, அலமாரி மேல் ஒரு நீர்யானை என்று ஊரார் பாட்டே கட்டிவிட்டார்கள். புரட்சிக்குப் பிறகு அதை உடைக்காமல், 1922-ல் பீடத்தில் கேலிக் கவிதை ஒன்றைச் செதுக்கி நிற்க விட்டார்கள். 1937-ல் அகற்றினார்கள். ரஷ்ய அருங்காட்சியகத்தின் முற்றத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1994-ல் பளிங்கு அரண்மனை முற்றத்துக்கு வந்தது, லெனினின் கவச வண்டி முன்பு நின்ற அதே இடத்துக்கு. பழைய பீடம்கூட இப்போது இல்லை. சிற்பமாகப் பார்த்தால் அபாரமான வேலை, நகரத்தின் சிறந்த மூன்றில் ஒன்று என்று சொல்வேன். ஆனால் அது இருந்த சதுக்கத்தில் 1985-ல் ஒரு தூபி வந்துவிட்டது, சிலை இல்லாத குறை அங்கே யாருக்கும் தெரிவதில்லை.

இப்போது நெவ்ஸ்கி சாலை 14-ஆம் எண் கட்டடத்துக்கு வாருங்கள். அது ஒரு பள்ளிக்கூடம். சுவரில் நீலப் பட்டை, அதில் வெள்ளை எழுத்து: குடிமக்களே, பீரங்கித் தாக்குதலின்போது தெருவின் இந்தப் பக்கம் மிகவும் ஆபத்தானது. அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில், இந்த நகரத்துக்கு லெனின்கிராட் என்று பெயர் இருந்தபோது, ஜெர்மன் படை இதை 1941 முதல் 1944 வரை முற்றுகையிட்டது. அவர்களுடைய பீரங்கிகள் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள மேடுகளில் இருந்தன. அதனால் குண்டுகள் தெருவின் வடக்குப் பக்கத்தில் வந்து விழுந்தன. முற்றுகைக் காலத்தில் பல தெருக்களில் இப்படி எழுதிவைத்தார்கள். அந்தச் சுவரடியில் இன்றும் பூ வைக்கிறார்கள். இதைப் பெயர்த்துத் தெருவின் எதிர்ப்பக்கம் மாட்டினால் அது பொய்யாகிவிடும். இருபதடி நகர்த்தினாலே பொய்யாகிவிடும் ஒரு சின்னம் உலகத்தில் எத்தனை இருக்கிறது?

#2 நெவா மாணவி

வடதிசை அண்ணா, நான் இங்கே மருத்துவம் படிக்கிறேன். அந்த நீலப் பலகையைத் தாண்டித்தான் அடிக்கடி நடக்கிறேன். நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், அதே நெவ்ஸ்கியில் இன்னும் கொஞ்ச தூரத்தில் இருப்பது.

அனிச்கோவ் பாலத்தின் நான்கு மூலையிலும் குதிரையை அடக்கும் ஆட்கள் நிற்கிறார்களே, பியோத்தர் க்ளோத் செய்தது, எல்லாரும் படம் எடுப்பார்கள். அதில் ஒரு பீடத்தில் கிரானைட் சிதறிப்போன குழி இருக்கிறது. போருக்குப் பிறகு அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் சின்னத் தகடு பதித்திருக்கிறார்கள். 1941 முதல் 1944 வரை லெனின்கிராட் மீது வீசப்பட்ட 1,48,478 குண்டுகளில் ஒன்றின் தடம் இது என்று அதில் எழுதியிருக்கிறது. குதிரைகளை 1941-லேயே இறக்கி, பக்கத்திலிருந்த அரண்மனைத் தோட்டத்தில் மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள். 1945-ல் தோண்டி எடுத்து மறுபடி ஏற்றினார்கள். ஆகவே அடி வாங்கியது வெறும் பீடம்தான்.

இதில் உங்கள் கேள்விக்கு நேரடியான சான்று ஒன்று இருக்கிறது அண்ணா. இந்தக் குதிரைகளை முதல் தடவை வார்த்ததும் மன்னர் முதலாம் நிக்கோலஸ் அவற்றில் சிலவற்றைப் பிரஷ்ய மன்னருக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார். அப்புறம் நேப்பிள்ஸுக்கும் அதே மாதிரி இரண்டு போயின. க்ளோத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அதனால் பெர்லினிலும் நேப்பிள்ஸிலும் இதே குதிரைகளைப் பார்க்கலாம். அந்தக் குழியை மட்டும் இங்கேதான் பார்க்க முடியும்.

செயின்ட் ஐசக் தேவாலயத்திலும் இப்படிக் குண்டு பட்ட இடத்தைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். படியில் ஏறும்போது கொஞ்சம் கவனித்தால் கண்ணில் படும்.

#3 கல்லுளி

நான் கிரானைட் தொழிலில் இருப்பவன். சிலையைவிட அதன் அடியில் உள்ள கல்லைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தக் கண்ணால் பார்த்தால் வடதிசையின் கேள்வியில் ஓர் ஓட்டை தெரிகிறது.

வெண்கலக் குதிரைவீரனின் அடியில் உள்ள பாறை அந்த இடத்துக் கல் இல்லை. பின்லாந்து வளைகுடாக் கரையில் லாக்தா என்ற ஊருக்குப் பக்கத்துச் சதுப்பில் பாதி புதைந்து கிடந்தது. மின்னல் அடித்துப் பிளந்த பாறை என்று ஊர்க்காரர்கள் நம்பியதால் இடிக்கல் என்று பெயர். எடை ஏறக்குறைய 1,500 டன். அதை நகர்த்தும் வழியைச் சொன்னவர் மாரினோஸ் கார்புரிஸ் என்ற கிரேக்கர். தரை உறைந்து இறுகும் குளிர்காலத்துக்காகக் காத்திருந்தார்கள். உலோகத் தகடு பதித்த பள்ளத் தண்டவாளம், அதில் வெண்கலக் கலவை உருண்டைகள், அதன் மேல் பாறை. இரும்பு உருண்டை அந்த எடைக்குத் தாங்கவில்லை. 400 பேர் பெரிய உருளைகளைச் சுற்றி நடந்து கயிறு இழுத்தார்கள். பாறை நகர நகர மேலே கல்தச்சர்கள் செதுக்கிக்கொண்டே வந்தார்கள், உளி தீட்ட மேலேயே ஒரு கொல்லுலை, எல்லாரும் சேர்ந்து இழுக்கச் சைகை கொடுக்க மத்தளக்காரர்கள். இதைப் பார்க்க 1770 ஜனவரியில் பேரரசி கேத்தரினே வந்தார். கடற்கரை வரை கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். அப்புறம் தெப்பம் போன்ற பெரிய படகு, அது கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் கப்பல்கள். 1770 செப்டம்பரில் செனட் சதுக்கக் கரைக்கு வந்து சேர்ந்தது. விழுந்த சில்லுகளை மக்கள் பொறுக்கி மோதிரக் கல்லாகவும் கைத்தடிப் பூணாகவும் செய்துகொண்டார்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இதைப் படிக்கும்போது புல்லரிக்கும். இன்றைய கிரேன்களை வைத்துக்கொண்டே சில நூறு டன் கல்லுக்கு நாங்கள் எத்தனை யோசிக்கிறோம்!

சரி, என் வாதம் இதுதான். அந்தக் கல் லாக்தாவில் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பெயர்த்துக் கொண்டுவந்ததுதான் அதற்குப் பெருமை. பெயர்த்தால் உயிர் போகும் என்பது உங்கள் விதி. பெயர்த்ததால் உயிர் வந்த கல்லை என்ன செய்வீர்கள்?

#4 பழைய லெனின்கிராட்

கல்லுளி எழுதியதற்கு ஒரு சின்னத் தொடர்ச்சி. கல் வந்ததோடு கதை முடியவில்லை. சிற்பி ஃபால்கோனே 1766-ல் ரஷ்யா வந்தார். மன்னர் பீட்டரின் தலையை அவர் செய்தது பேரரசிக்குப் பிடிக்கவில்லை, கடைசியில் அவருடைய மாணவி மரி-ஆன் கொலோ செய்த தலைதான் வைக்கப்பட்டது. அப்போது அவளுக்கு இருபது வயது சொச்சம். 1775-ல் வார்ப்பின்போது அச்சு உடைந்து உருகிய வெண்கலம் பட்டறையில் கொட்டியது. எல்லாரும் ஓட, பீரங்கி வார்ப்புத் தொழிலாளி எமெல்யான் ஹைலோவ் மட்டும் நின்று ஓட்டையை அடைத்தார். சிலையின் பெரும்பகுதி தப்பியது அவரால். ஃபால்கோனே மேலிடத்தோடு மனக்கசப்பாகி 1778-ல் ஊருக்குத் திரும்பிவிட்டார். 1782-ல் சிலையைத் திறந்தபோது அவர் அங்கே இல்லை. பீடத்தில் 'முதலாம் பீட்டருக்கு இரண்டாம் கேத்தரின்' என்று ஒரு பக்கம் ரஷ்யனிலும் மறுபக்கம் லத்தீனிலும் இருக்கிறது. உயிரோடு தாக்குப்பிடித்து நின்ற அந்த வார்ப்புத் தொழிலாளிக்கும் அதில் ஓரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இன்னொன்று. வடதிசையின் கேள்வியை அந்த ஊர்க்காரர்கள் இருநூறு வருடம் முன்பே கேட்டுவிட்டார்கள். 1812-ல் நெப்போலியன் வருகிறான் என்று சிலையை வோலக்தாவுக்கு அனுப்பத் திட்டமிட்டார்களாம். பத்தூரின் என்ற மேஜர் கனவு கண்டாராம். பீட்டர் குதிரையோடு இறங்கி வந்து, நான் என் இடத்தில் இருக்கும்வரை என் நகரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று மன்னரிடம் சொன்னாராம். சிலையை நகர்த்தவில்லை. இது கர்ண பரம்பரைக் கதைதான். ஆனால் 1941-ல் மற்றச் சிலைகள் பலவற்றை இறக்கிப் புதைத்தபோது இதை நின்ற இடத்திலேயே மணலும் பலகையும் போட்டு மூடினார்கள். சுவரோவ், குத்தூசவ், பார்க்ளாய் டி டோலி ஆகிய தளபதிகளின் சிலைகளை மூடக்கூட இல்லை. போர்முனைக்குப் போகும் படை அவற்றைப் பார்த்துக்கொண்டே போனது.

நான் 80-களில் அங்கே பொறியியல் படித்தேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், சின்னப் பலகை பெரிய நினைவிடம் விஷயத்தில் எனக்கு வடதிசையோடு கருத்து வேறுபாடு உண்டு.

#5 மழைக்காகிதம்

இடம் என்று பேச்சு வந்ததால் ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

1930-களின் இறுதியில் அவருடைய மகன் லெவ் கைதாகி கிரெஸ்தி சிறையில் இருந்தார். அவருக்குப் பொட்டலம் கொடுக்க, உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, மற்றத் தாய்மார்களோடும் மனைவிமார்களோடும் சிறை வாசலில் மாதக்கணக்கில் வரிசையில் நின்றார். அந்த வரிசையிலிருந்துதான் அவருடைய 'இரங்கற்பா' நெடுங்கவிதை பிறந்தது. சோவியத் ஒன்றியத்தில் அது அச்சேறியது 1987-ல், அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து. அதன் முடிவில் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறார். இந்த நாட்டில் எனக்கு என்றாவது சிலை வைக்க நினைத்தால் நான் பிறந்த கடலோரத்தில் வேண்டாம், இளமையில் திரிந்த அரச பூங்காவிலும் வேண்டாம், முந்நூறு மணி நேரம் நான் நின்ற, எனக்காகத் தாழ் திறக்கப்படாத இந்த இடத்தில் வையுங்கள் என்று.

தன் சிலைக்கான இடத்தைத் தானே குறித்துக்கொடுத்த கவிஞர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. 2006-ல் கலீனா தொதோனவா செய்த சிலையை வைத்தார்கள். ஆனால் சிறை வாசலில் இல்லை. நெவா நதியின் எதிர்க்கரையில். நடந்துகொண்டே தலையை மட்டும் திருப்பி அக்கரைச் சிறையைப் பார்க்கிற மாதிரி நிற்கிறார்.

இது எனக்கு ஆறாத வருத்தம். 'இங்கே' என்று சொன்னவரை 'அங்கே' வைத்துவிட்டார்கள். நதியைக் கடக்க ஒரு பாலம் போதும், இருந்தும் கடக்கவில்லை. வடதிசை, உங்கள் கணக்கில் இது தேறுமா?

அதே எதிர்க்கரையில் மிகயீல் ஷெம்யாக்கின் 1995-ல் வைத்த இரண்டு ஸ்பிங்க்ஸ்களும் இருக்கின்றன, அரசியல் ஒடுக்குமுறைக்குப் பலியானவர்களுக்காக. வீடுகள் இருக்கும் பக்கமிருந்து பார்த்தால் அழகான பெண் முகம். நதியும் சிறையும் இருக்கும் பக்கமிருந்து பார்த்தால் சதை இல்லாத மண்டையோடு. முகம் ஒன்றுதான், பாதியாகப் பிரித்திருக்கிறார். நடுவே சிறைச் சன்னல் வடிவில் ஒரு துளை. பீடத்தைச் சுற்றி அக்மதோவா, மண்டல்ஷ்தாம், ப்ராட்ஸ்கி என்று பலருடைய வரிகள். அந்தச் சன்னல் வழியே குனிந்து பார்த்தால் அக்கரையில் கிரெஸ்தி. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வியே. இது எதிர்க்கரையில் இருப்பதில் எனக்கு மனக்குறை இல்லை, எதிர்க்கரையில் இருந்தால்தான் இந்தச் சிற்பம் வேலை செய்யும்.

#6 கறார்

எல்லாரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காலத்தைப் பற்றிக் கேட்கிறேன். அந்த நீலப் பலகை எப்போது வந்தது?

முற்றுகைக் காலத்தில் எழுதியவை போர் முடிந்ததும் மறைந்துவிட்டன. இன்று நாம் பார்ப்பது 1962-ல் மீண்டும் எழுதியது. பிஸ்கார்யோவ்ஸ்கோயே நினைவுக் கல்லறை திறந்தது 1960 மே 9. நகரத்தின் தென்வாசலில் உள்ள பெரிய நினைவிடம் 1975. முற்றுகை முழுமையாக முடிந்தது 1944 ஜனவரி 27. நடுவில் இருக்கிற அந்த இடைவெளி என்ன?

லெனின்கிராட் பாதுகாப்பு அருங்காட்சியகம் என்று ஒன்று போர் முடிந்த கையோடு 1946-ல் திறந்தது. மக்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்த பொருட்களும் அதில் இருந்தன. 1949-ல் மூடினார்கள். பிறகு பொருட்களைச் சிதறடித்தார்கள், பலவற்றை அழித்தார்கள். அதன் இயக்குநரைக் கைது செய்தார்கள். லெனின்கிராட் வழக்கு என்ற பெயரில் முற்றுகைக் காலத்தில் நகரத்தை நடத்திய தலைவர்களையே பிடித்து, 1950 அக்டோபரில் குஸ்னெத்சோவ், பப்கோவ் முதலானவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நகரம் தனக்கென்று ஒரு வீரக்கதை வைத்துக்கொள்வது ஸ்டாலினுக்குப் பிடிக்கவில்லை. அருங்காட்சியகம் மறுபடி திறந்தது 1989-ல்.

எனவே பசியில் செத்தவர்களுக்குப் பூ வைக்க ஓர் இடம் வேண்டும் என்றால்கூட ஒருவர் சாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த நினைவுச் சின்னத்தைப் பார்த்தாலும் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், யார் அனுமதித்தார்கள், ஏன் இத்தனை தாமதம் என்று கேளுங்கள்.

#7 வடதிசை

கறார், நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இருந்தாலும் இது என் கேள்விக்கு எதிர் இல்லை. அருங்காட்சியகத்தை மூட முடிந்தது, பொருட்களை எரிக்க முடிந்தது. பிஸ்கார்யோவ்ஸ்கோயேயில் புதைந்தவர்களை எங்கும் கொண்டுபோக முடியவில்லை. 186 பொதுக் குழிகள். 4,20,000 பொதுமக்கள், 70,000 படைவீரர்கள். அங்கே கல்லறைக் கல்லில் பெயர் கிடையாது. ஆண்டு மட்டும்தான்: 1942, அடுத்ததும் 1942, அதற்கடுத்ததும் 1942. பொதுமக்கள் என்றால் அரிவாள் சுத்தி, படைவீரர் என்றால் நட்சத்திரம். கோடியில் வேரா இசாயேவாவும் ராபர்ட் தவுரித்தும் செய்த தாய்நாட்டின் சிலை, கையில் ஓக் இலை மாலை. பின்னால் உள்ள கிரானைட் சுவரில் கவிஞர் ஓல்கா பெர்கோல்ட்ஸின் வரிகள். முற்றுகை நாட்களில் வானொலியில் பேசி நகரத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர். எவரும் மறக்கப்படவில்லை, எதுவும் மறக்கப்படவில்லை என்ற வரி அவருடையது. அருங்காட்சியகம் மூடிக் கிடந்த வருடங்களை நினைத்துக்கொண்டு படித்தால் அது வெறும் ஆறுதல் வார்த்தையாகத் தெரியவில்லை, அதிகாரத்தைப் பார்த்துச் சொன்னதாகவே எனக்குக் கேட்கிறது.

சிற்பமாக அந்தத் தாய் சிலை, தென்வாசல் நினைவிடத்தின் சிற்பி அனிகுஷின் வேலைகளுக்கோ த்ருபெத்ஸ்கோய்க்கோ ஈடாகுமா என்றால் ஆகாது. ஆனால் அதை எடுத்து வேறிடத்தில் வைக்க நினைத்துப் பாருங்கள்.

கல்லுளி கேட்டதற்கு: இடிக்கல்லை நான் பீடமாகத்தான் பார்க்கிறேன், சின்னமாக இல்லை. உங்கள் வாதத்துக்கு அதைவிட வலுவான கல் அந்த நகரத்திலேயே இருக்கிறது, நீங்கள் சொல்லவில்லை. த்ரோயித்ஸ்கயா சதுக்கத்தில் உள்ள சொலவெத்ஸ்கி கல்.

#8 கல்லுளி

தம்பி, அதைத்தான் அடுத்து எழுத இருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெண்கடலில் சொலவ்கி தீவுகள். பழைய மடாலயம், 1920-களில் அதைச் சிறை முகாமாக ஆக்கினார்கள். பிற்பாடு நாடு முழுக்கப் பரவிய குலாக் என்ற கட்டாய உழைப்பு முகாம்களுக்கு முன்மாதிரி அதுதான். அங்கிருந்து ஒரு பாறையைக் கொண்டுவந்து 2002-ல் பீட்டர்ஸ்பர்க்கில் வைத்தார்கள். வடிவமைத்தவர்களில் ஒருவரான யெவ்கேனி உஹ்னல்யோவ் தானே முகாம் கைதியாக இருந்தவர்.

கல்வேலைக்காரனாகச் சொல்கிறேன், அதில் உளி படாமல் விட்டதுதான் சரியான முடிவு. இயற்கைப் பாறை, கீழே ஒரு மேடை, 'குலாக் கைதிகளுக்கு' என்பது போன்ற சில வரிகள். மெருகேற்றியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். ஃபால்கோனே இடிக்கல்லை அலை வடிவத்துக்கு வெட்டிச் சிறிதாக்கியபோது அந்தக் காலத்தவர்களே திட்டினார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கல் பெயர்த்து வந்ததுதானே?

#9 பழைய லெனின்கிராட்

கல்லுளிக்கு நானே பதில் சொல்கிறேன். அந்தச் சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்தால் புரியும். பக்கத்தில் பீட்டர்-பால் கோட்டை, ஜார் காலத்து அரசியல் கைதிகளை அடைத்த இடம். கல்லுக்கு எதிரே பெரிய அடுக்குமாடி, 1930-களில் ஜார் காலத்துச் சிறைவாசிகளுக்காகக் கட்டியது. புரட்சிக்காகச் சிறை சென்ற கிழவர்களுக்கு அரசு கொடுத்த கௌரவம். 1937-ல் ஸ்டாலினின் பெரும் அடக்குமுறை வந்ததும் அதே வீட்டிலிருந்து அவர்களில் பலரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கல் தீவிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் கொண்டுவந்து நிறுத்திய இடம் யோசித்துத் தேர்ந்தெடுத்தது. அதைக் கொண்டுபோய் ஒரு புறநகர்ப் பூங்காவில் போட்டால் கல்தான் மிஞ்சும்.

இப்போது நான் முன்பு சொன்ன கருத்து வேறுபாடு. வடதிசைக்குச் சின்னப் பலகை பிடித்திருக்கிறது, பெரிய நினைவிடங்கள் மேல் அத்தனை விருப்பம் இல்லை என்று படிக்கும்போது தெரிகிறது. நகரத்தின் தென்வாசலில், வெற்றிச் சதுக்கத்தில் மிகயீல் அனிகுஷின் செய்ததைப் பாருங்கள். 48 மீட்டர் தூபி. அடியில் தொழிலாளியும் படைவீரனும். இரண்டு பக்கமும் மாலுமிகள், விமானிகள், குறிபார்த்துச் சுடுபவர்கள், பதுங்குகுழி தோண்டிய பெண்கள். இது விமான நிலையத்திலிருந்து நகருக்குள் நுழையும் வழியில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பின்னால் படியிறங்கினால் உடைந்த வளையம் போன்ற ஒரு திறந்த வட்டம். அதன் நடுவே 'முற்றுகை' என்ற சிற்பக் குழு தனியாக இருக்கிறது. இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய தாய். அதை மேலே தூபி அருகில் வைக்காமல், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளத்தில் வைத்தார் பாருங்கள், அதுதான் அந்தச் சிற்பியின் மனசு. அனிகுஷின் தானே லெனின்கிராட் போர்முனையில் இருந்தவர். 1978-ல் அதற்கும் கீழே நிலவறைக் கூடம் திறந்தார்கள். 900 விளக்குகள், வானொலியில் அன்று ஒலித்த மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் டிக் டிக் ஓசை.

நீலப் பலகை தெரிந்தவனுக்குத்தான் பேசும். ஒன்றுமே தெரியாமல் ஊருக்குள் வருகிறவனை நிறுத்திச் சொல்ல 48 மீட்டர் தேவைப்படுகிறது. நான் வெளிநாட்டிலிருந்து வந்த மாணவன், எனக்கு முதலில் சொன்னது அந்தத் தூபிதான்.

எங்கள் விடுதியில் வாசல் காவலுக்கு ஒரு மூதாட்டி இருந்தார், முற்றுகையில் பிழைத்தவர். மே 9 விழாக்களுக்கு வெற்றிச் சதுக்கம் பக்கம் போகவே மாட்டார். பிஸ்கார்யோவ்ஸ்கோயேக்குப் போவார், ஒரு துண்டு கறுப்பு ரொட்டி எடுத்துக்கொண்டு. அங்கே பலரும் அப்படித்தான், குழிமேட்டில் ரொட்டியும் மிட்டாயும் வைப்பார்கள். 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளி அல்லாதவருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. எனவே அவருக்கு ஓர் இடம், எனக்கு ஓர் இடம். நகரத்துக்கு இரண்டும் வேண்டும்.

#10 மழைக்காகிதம்

ஐயா, வெற்றிச் சதுக்கம் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். அந்தப் பள்ளத்தைப் பற்றி இதுவரை யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கிரெஸ்தி சிறையிலிருந்த கைதிகளை 2017-ல் ஊருக்கு வெளியே புதிய சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கட்டடம் காலி. அக்மதோவா சிலை நிற்கும் இடம் மாறவில்லை, அது பார்த்துக்கொண்டிருந்தது போய்விட்டது. இப்போது?

#11 வடதிசை

கட்டடம் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்பது என் எண்ணம். செங்கல் சுவரும் சன்னல்களும் நதியிலிருந்து அப்படியே தெரிகின்றன. நாளைக்கு அதை ஓட்டலாக மாற்றி அலங்கார விளக்குப் போட்டால், அன்றைக்குத்தான் அந்தச் சிலை மிக அதிகமாகத் தேவைப்படும்.

எதிர்க்கரை பற்றி: உங்கள் வருத்தம் நியாயம். அவர் கேட்டதைச் செய்யவில்லை. ஆனால் வாசலில் வைத்திருந்தால் பெரிய மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நிற்கும். இப்போது நிற்கும் இடத்தில் சிலைக்கும் சிறைக்கும் நடுவே நெவா. அவரால் போய்ச் சேர முடியாத தூரமாக அது தெரிகிறது. திருப்பிய கழுத்தில் அந்தத் தூரம் முழுவதும் இருக்கிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் இப்போதுள்ளதையே சொல்வேன், நீங்கள் ஏற்க மாட்டீர்கள் என்று தெரிந்தும்.

பழைய லெனின்கிராட் ஐயா சொன்ன த்ரோயித்ஸ்கயா விஷயம்தான் கல்லுளிக்கு என் பதிலும். கல் எங்கிருந்து வந்தது என்பதும் எங்கே வந்து நின்றது என்பதும் இரண்டும் சேர்ந்துதான் இடம்.

#12 மழைக்காகிதம்

ஏற்கவில்லைதான். அவர் கேட்டது அழகான கோணம் இல்லை, அந்த வாசல். ஒருவருடைய உயிலைத் திருத்தி எழுதினால் அது எத்தனை நன்றாக அமைந்தாலும் திருத்தம்தான்.

#13 கறார்

கல்லைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 30-ல் சொலவெத்ஸ்கி கல்லின் முன் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை மக்கள் வரிசையாக வந்து வாசிப்பது வழக்கம். அந்த வேலையில் முன்னின்ற மெமோரியல் அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு அதற்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 2024 பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி சிறையில் இறந்த செய்தி வந்ததும் பீட்டர்ஸ்பர்க் மக்கள் பூவோடு போனது இந்தக் கல்லுக்குத்தான், ஸ்பிங்க்ஸ்களுக்கும்தான். போனவர்களில் பலரைப் போலீஸ் பிடித்தது. யாருக்கோ வைத்த சின்னம், வேறு ஒருவரின் சாவுக்கு அழ இடம் கொடுத்தது. வடதிசை சொல்லும் இடம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த அளவில் நான் அவர் பக்கம்.

அப்புறம், இங்கே யாரும் சொல்லாத ஒன்று. 'கடைசி முகவரி' தகடுகள். உள்ளங்கையளவு உலோகத் தகடு, 11-க்கு 19 சென்டிமீட்டர். ஒரு பக்கம் புகைப்படம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சதுர ஓட்டை. மறுபக்கம் இன்னார் இங்கே வாழ்ந்தார், தொழில், பிறந்த ஆண்டு, கைதான நாள், சுடப்பட்ட நாள், குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்ட ஆண்டு. ஒரு தகட்டில் ஒரு பெயர்தான். மாஸ்கோவில் 2014-ல் தொடங்கி அடுத்த ஆண்டு பீட்டர்ஸ்பர்க்குக்கும் வந்தது. அவர் கடைசியாக வெளியே வந்த அதே வாசலில் மாட்டுகிறார்கள். இடம் மாற்றினால் பொய்யாகிவிடும் சின்னம் எத்தனை என்று முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள். இந்தத் தகடுகள் ஒவ்வொன்றும் அப்படித்தான். பீட்டர்ஸ்பர்க்கிலும் சிலவற்றைக் கழற்றிவிட்டார்கள். சில திருகாணிதானே, கழற்றுவது சுலபம். அதனால்தான் பெரிய கல் வேண்டும் என்று ஐயா சொல்வதையும் நான் மறுக்கவில்லை.

#14 நெவா மாணவி

தனிச்செய்தியில் சிலர் வழி கேட்டிருந்தார்கள், பொதுவாக இங்கேயே போடுகிறேன்.

நெவ்ஸ்கி 14-க்கு அட்மிரல்தெய்ஸ்கயா மெட்ரோவில் இறங்கி நடந்தால் சில நிமிடம். அங்கிருந்து சாலையோடு கிழக்கே நடந்தால் அனிச்கோவ் பாலம். தகடு உள்ள பீடத்தைத் தேட நான்கு மூலையையும் சுற்றி வாருங்கள். அக்மதோவா, ஸ்பிங்க்ஸ்கள் இரண்டுக்கும் செர்னிஷெவ்ஸ்கயா நிலையம், நதிக்கரை வோஸ்க்ரெசென்ஸ்கயா. 2014 வரை அந்தக் கரைக்கு ரோபஸ்பியர் பெயர், அதனால் பழைய வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கும். சொலவெத்ஸ்கி கல்லுக்கு கோர்கவ்ஸ்கயா. வெற்றிச் சதுக்கத்துக்கு மஸ்கோவ்ஸ்கயா, சுரங்கப்பாதை வழியாகத்தான் நடுவே போக முடியும், சாலையைக் கடக்க முயல வேண்டாம். பிஸ்கார்யோவ்ஸ்கோயேக்கு ப்ளோஷத் முஜெஸ்த்வா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. போகிற வழியில் நெபகர்யோன்னிக் சாலையில் 6-ஆம் எண் வீட்டுச் சுவரையும் பாருங்கள். முற்றுகையின்போது அங்கே ஒரு கிணறு இருந்தது, அதன் நினைவாக குழந்தையோடு ஒரு தாயின் உருவத்தை 1979-ல் பதித்திருக்கிறார்கள். எந்தச் சுற்றுலாக்காரரும் அங்கே நிற்பதில்லை.

குளிர்காலத்தில் போவதானால் கல்லறையில் பாதைகள் வழுக்கும், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி 27-ல் கூட்டம் அதிகம், அன்றைக்குப் பூ வாங்க வேண்டுமென்றால் நகருக்குள்ளேயே வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.